இருபது பேர் உட்கார ஓர் அறை

எங்கள் வாசகர் வட்டம் பல வருடங்களாக ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடிவந்தது. அந்த வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு, மாலையில் இரண்டரை மணி நேரம், இருபது பேர் உட்கார்ந்து பேச சென்னையில் ஓர் அறை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இந்த ஊரில் நூறு பேருக்கு இடம் கிடைத்துவிடும், இருபது பேருக்குத்தான் அலைய வேண்டும். இலக்கியக் கூட்டம் என்றதும் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம், எழும்பூர் இக்சா மையம், மயிலாப்பூர் கவிக்கோ மன்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். நூல் வெளியீட்டுக்கு அருமையான இடங்கள். ஆனால் அவ்வளவு நாற்காலிகளுக்கு நடுவே இருபது பேர் சிதறி உட்கார்ந்தால் பேச்சு எடுபடாது. ஆளுக்கு ஆள் முகம் தெரிய வட்டமாக உட்கார வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அடுத்து, பலர் பகிர்ந்து வாடகைக்கு எடுக்கும் கோவொர்க்கிங் அலுவலகங்களின் மீட்டிங் ரூம். மணிக் கணக்கில் வாடகை, ஆன்லைனிலேயே புக் செய்யலாம். இங்கே கேட்க வேண்டியது, சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பது. 18 சதவீதம். மணிக்கு 500 ரூபாய் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 1,500 அல்ல, 1,770. ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் ஏசி ஓடாது, வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, ஜன்னல் திறக்காது. வயதானவர்களை அந்தப் புழுக்கத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அமைந்தது மாம்பலம் பக்கம் ஓர் அறக்கட்டளையின் தரைத்தளக் கூடம். படி ஏற வேண்டியதில்லை. கழிவறைக்குள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் சரியாகப் பூட்டியது. பிறகு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த விதிமுறைகளைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொன்னேன் மேனேஜரிடம். அவர் தயங்காமல் படித்தார். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. மைக் இல்லாமல் கூட்டம் நடத்துகிறவர்கள் இந்த ஒன்றைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

அவர் படித்ததில் முக்கியமான விஷயங்களும் வந்தன. நாற்காலி போடுவதும் எடுத்து அடுக்குவதும் வாடகை நேரத்துக்குள்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் செலவு தனி. சுவரில் எதையும் ஒட்டக் கூடாது. அரசியல் கூட்டத்துக்கு அனுமதியில்லை. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது.

"சுக்கு காபி மட்டும் ஃப்ளாஸ்க்ல கொண்டு வரலாமா சார்?" என்றேன்.

"ஃப்ளாஸ்க்குன்னா பரவாயில்ல மேடம். டிபன்தான் வேணாம், எறும்பு வந்துடுது."

இதை ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் வேறு ஆள் சாவி கொடுக்க வரலாம், அவரிடம் மறுபடி வாதாட முடியாது. எந்தக் கூட்டம், எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கடிதம் கேட்டார்கள். ஆதார் நகலும் வைத்தேன். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றினால் கழிப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் முன்பே சொன்னால் தேதி மாற்றித் தருகிறார்கள்.

இரண்டரை மணி நேரப் பேச்சுக்கு மூன்றரை மணி நேரம் எடுத்திருக்கிறோம். முன்னால் அரை மணி நாற்காலி போட, பின்னால் அரை மணி எடுத்து அடுக்க. முகூர்த்த நாட்களில் அதே கூடம் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விடும் என்பதால், பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தை, வைகாசி, ஆவணி மாதங்களுக்கு முகூர்த்தமில்லாத ஞாயிறுகளாகப் பார்த்து இப்போதே தேதி கொடுத்துவிட்டோம்.