அடா கலே: பங்கீட்டில் விடுபட்ட தீவு

துருக்கி மொழியில் ‘அடா’ என்றால் தீவு, ‘கலே’ என்றால் கோட்டை. டான்யூப் ஆற்றில், ருமேனியாவின் ஒர்ஷோவா நகருக்குச் சற்றுக் கீழே, இரண்டு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாமல் கிடந்த நிலத்திட்டுக்கு அந்தப் பெயர். கப்பல்கள் திணறிச் செல்லும் இரும்பு வாயில் என்னும் குறுகிய மலையிடுக்கை நெருங்கும் எவரும் அதைக் கடந்தே ஆகவேண்டும் என்பதால், 1689-இல் ஆஸ்திரியர்கள் அங்கே அரண் அமைக்கத் தொடங்கி, 1717-க்குப் பின் அதைப் பெருங்கோட்டையாக வளர்த்தார்கள். ஆனால் 1738-இல் துருக்கியின் உதுமானியர் அதைக் கைப்பற்றினர். இடையில் சில ஆண்டுகள் கைமாறியபோதும், 1791 உடன்படிக்கையின்படி அவர்களிடமே திரும்பியது.

எனக்கு இந்தப் போர்களைவிட 1878-ஆம் ஆண்டுதான் சுவையானது. பால்கன் நிலப்பரப்பை வல்லரசுகள் பங்கிட்ட பெர்லின் மாநாட்டு உடன்படிக்கையில் இத்தீவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதனால் சுற்றிலும் வேற்று நாடுகள் சூழ்ந்திருக்க, ஆஸ்திரியப் படை காவல் நிற்க, தீவு மட்டும் சுல்தானின் சொத்தாகவே நீடித்தது. இஸ்தான்புல்லிலிருந்து அதிகாரி வந்தார், தீவினர் 1908-இல் உதுமானிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள், வரியும் கட்டவில்லை, படைக்கும் போகவில்லை. (இதைவிட நல்ல மறதி எந்த ஊருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.) 1913-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது; முதல் உலகப் போருக்குப் பின் அது ருமேனியாவுக்குப் போனது. 1931-இல் வந்துசென்ற மன்னர் இரண்டாம் கரோல் வரிச்சலுகை வழங்கவே, புகையிலையும், ‘லோக்கும்’ எனப்படும் துருக்கி மிட்டாயும் விற்றுத் தீவு செழித்தது. பழைய அஞ்சலட்டைகளில், செங்கல் வளைவுகளுக்கு அருகே குஞ்சம் வைத்த தொப்பியுடன் முதியவர்கள் காபி அருந்திக்கொண்டிருக்கிறார்கள்.

ருமேனியாவும் யூகோஸ்லாவியாவும் சேர்ந்து 1964-இல் தொடங்கிய இரும்பு வாயில் அணைக்காகத் தீவினர் துருக்கிக்கும் ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா பகுதிக்கும் குடிபெயர்ந்தார்கள். நீர் ஏறுவதற்கு முன்பே கட்டடங்கள் தகர்க்கப்பட்டன. கோட்டையின் சில பகுதிகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, ஆற்றின் கீழ்ப்புறமுள்ள ஷிமியான் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே புதிய அடா கலே எழும் என்றார்கள், எழவில்லை. 1970-71-இல் தீவு மூழ்கியது.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அளித்த, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள பள்ளிவாசல் கம்பளத்தை மட்டும் 1965-லேயே கான்ஸ்டான்ட்சாவின் பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.