முடுக்கு: அக்டோபர், நவம்பர் 2024

அக்டோபர் 5, சனி

ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்தேன். வாசல் படியில் பெட்டியைத் தூக்க முடியாமல் எப்போதும் போல வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்து வழியாகப் பக்கவாசலுக்குப் போனேன். பெட்டி ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. நான்தான் பெருத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், இடது கால் தலையணை மேல்.

அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்குத் துணி அடித்துத் துவைக்கும் சத்தம். எங்கள் கல்தான். ஓரம் உடைந்த கல்லில் அடித்தால் அந்த 'தொப்'புக்குப் பின்னால் ஒரு சின்ன இழுவை வரும், இருபது வருஷம் கேட்ட காது. அம்மா எழுந்துவிட்டாள் என்று அரைத் தூக்கத்தில் திரும்பிப் படுத்தேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

எழுந்து போய்ப் பார்த்தால் கொல்லையில் கல் இல்லை. ஹாலோ பிளாக் சுவர் இருக்கிறது. சத்தம் அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அக்டோபர் 7, திங்கள்

வீல்சேர் வந்தது, வாடகைக்கு. அகலம் 26 அங்குலம். முடுக்கு 24.

மூன்று தடவை அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒரு செங்கல்லை வைத்துப் பிடித்து அளந்ததில் ஒரு தடவை 23½ கூட வந்தது. இந்த முடுக்கில் நான் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டிப் பழகியிருக்கிறேன். கேஸ்காரர் சிலிண்டரை இதில்தான் உருட்டிக்கொண்டு வருவார். மூன்றரை அடி இருந்தது, சத்தியமாக இருந்தது. முன்வாசலில் நாலு படி, பக்கவாசலில் ஒரு படியும் கிடையாது. அதனால்தான் அப்பாவைப் பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டு இந்த வண்டியை எடுத்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. வண்டி ஏன் சும்மா நிற்கிறது என்று கேட்டார். பிரேக் சரியில்லை என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் இன்னும் போய்க் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

கேட்டேன். "சுவர் கொஞ்சம் உள்ள வந்த மாதிரி இருக்கே அண்ணாச்சி" என்றுதான் வாயில் வந்தது. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது இது இல்லை.

"பழைய அஸ்திவாரம் பூராம் பொதபொதன்னு கெடந்துச்சு தங்கச்சி. அதுமேல ஏத்துனா நிக்காதுன்னு கொத்தனார் சொல்லிட்டாரு. கொஞ்சம் தள்ளி எடுத்தோம். சார்ட்ட கேட்டுத்தான செஞ்சேன். அஞ்சு பைசா வாங்கலியே."

காபி குடிச்சிட்டுப் போங்க என்று மதினி டம்ளரை நீட்டினார். குடித்தேன். அவர் பைக் அந்தத் தகரக் கொட்டகைக்குள் அழகாகப் பொருந்தி நின்றது. முன்பு அந்த பைக் தெருவில்தான் நிற்கும்.

தள்ளுவது என்றால் உங்கள் பக்கம் தள்ளியிருக்கலாமே. இது எனக்கு ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் தோன்றியது. எல்லாமே எனக்கு அப்போதுதான் தோன்றும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

மதினி ஒரு சம்படம் நிறைய சுண்டல் கொண்டுவந்து தந்தார். அப்பா ஆசையாகச் சாப்பிட்டார். சம்படத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. அடுப்பங்கரையில் இருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

டிரங்குப் பெட்டியில் பத்திரம் கிடைத்தது, 1978. பச்சைத் தாள், மடிப்பில் எல்லாம் நைந்து, தாத்தா அதன் மேல் செல்லோடேப் ஒட்டி அந்த டேப்பும் மஞ்சளாகி உரிகிறது. செக்குபந்தி (நாலு பக்க எல்லை) விபரத்தில் தென்வடல் ஜாதியடி 31. அதோடு ஒரு வரி: வடபுறச் சுவர் இந்தச் சொத்துக்கே பாத்தியப்பட்டது.

அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். பழைய மண் சுவர் ஒன்றரை அடி தடிமன், சுவரே எங்களுடையது. அதற்கும் இந்தப் பக்கம் ஒன்றரை அடி. ஆக மூன்று. தெற்குச் சுவரிலிருந்து டேப் பிடித்தேன், 28 வந்தது. நாற்பது அடி நீளத்துக்கு மூன்றடி என்றால் 120 சதுர அடி. ஒரு சென்ட் 435.6. கால் சென்ட்டும் கொஞ்சமும். கால் சென்ட்டுக்கா இப்படித் தூக்கம் கெடுகிறது என்று தம்பி போனில் கேட்டான். அவன் துபாயில் இருக்கிறான், அவனுக்குக் கல் சத்தம் கேட்காது.

அக்டோபர் 16, புதன்

கூடப் படித்தவள் இப்போது வக்கீல். அவள் வீட்டுக்கே போய்விட்டேன். ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால், இடம் யாருடையது என்ற விவகாரத்துக்குள்ளேயே போகாமல், சம்மதம் இல்லாமல் பறிபோன இடத்தைத் திரும்பத் தரச் சொல்லி வழக்குப் போட்டிருக்கலாமாம். 1963 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 6ஆம் பிரிவு. சுவர் பிப்ரவரியில் எழும்பியது, எட்டு மாதம் ஆயிற்று. இப்போது பத்திரத்தை வைத்து உரிமை வழக்குத்தான். அதற்குப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது, பயப்படாதே என்றாள். முதலில் சர்வேயருக்கு எழுதிக் கொடு, அளந்து கல் நடட்டும், அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால் பாதிப் பேர் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் முன்சீப் கோர்ட், அங்கே வக்கீல் கமிஷனர் போட்டு மறுபடி அளக்கச் சொல்லலாம். ஸ்டேஷனுக்கு மட்டும் போகாதே, சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எல்லாம் தெம்பாகத்தான் இருந்தது. கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் கேட்டாள்: "கட்டும்போது உங்களுக்குத் தெரியுமா? நீ எதுவும் சொன்னியா?"

தெரியவே தெரியாது என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

தெரியும்.

வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிப்ரவரி 11, ஞாயிறு, மாலை 5.42. அண்ணாச்சி அனுப்பிய போட்டோ, புதுச் சுவர், பூச்சு வேலை காயாமல் இருக்கிறது. கீழே "கட்டு முடிஞ்சிட்டு தங்கச்சி". அதற்கு நான் ஒரு கட்டைவிரல். அப்புறம் "நன்றி அண்ணாச்சி, நீட்டா இருக்கு".

நீட்டா இருக்கு. போட்டோவில் முடுக்கு குறுகியது நன்றாகவே தெரிகிறது. ஜன்னல் கதவு முழுசாகத் திறக்க முடியாமல் சுவரில் இடித்துக்கொண்டு நிற்பது கூடத் தெரிகிறது. அன்றைக்கு ஏதாவது மீட்டிங்கில் இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்.

அக்டோபர் 18, வெள்ளி

என் போனில் அழித்தால் என் போனில்தான் அழியும்.

அக்டோபர் 22, செவ்வாய்

பிசியோதெரபிக்கு வரும் பையன் அப்பாவை இன்று ஐந்து நிமிடம் நிற்க வைத்தான். நின்றுகொண்டே அப்பா வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எத்தனையாவது தடவையோ. போன டிசம்பர் 17 ராத்திரி வாசல் படி ஒவ்வொன்றாக முங்கியது, நாலாவது படி போனதும் மாடிக்கு ஏறலாம் என்று பார்த்தால் முட்டி வரைக்கும் தண்ணீர், கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து குனிஞ்சு, ஏறுங்க சார்னான். நான் வெயிட்டுப்பான்னேன். நீங்க அரிசி மூட்டைய விடவா சார்னான். இதைச் சொல்லும்போது மட்டும் அப்பா சிரிப்பார்.

அந்த இரண்டு நாள் நான் பெங்களூரில் இருந்தேன். போன் போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டதையும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பதையும் டிவியில் பார்த்துக்கொண்டே அப்பா நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முதலில் வந்த போன் அண்ணாச்சியுடையதுதான். "சார் எங்க மாடியில இருக்காரு, இட்லி தின்னுட்டு இருக்காரு."

போன மாதம் பாத்ரூமில் விழுந்தபோது கதவை உடைத்ததும் அவர்தான்.

இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் கோபம் குறையும் என்று நினைத்தேன். ஜாஸ்தியாகிறது. தூக்கிய கூலியை அளந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. இப்படி நினைப்பது அசிங்கம் என்றும் தெரிகிறது. அவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார், கொத்தனார் கயிறு கட்டும்போது கூட நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்த "இன்னும் கொஞ்சம்" என் காதில் கேட்கிறது.

அப்பாவிடம் மெல்லக் கேட்டேன், சுவர் கட்டும்போது உங்களிடம் கேட்டார்களா என்று. "கேட்டிருப்பான்" என்றார்.

அக்டோபர் 24, வியாழன்

இ-சேவையில் அளக்க எழுதிக் கொடுத்தாயிற்று. ரசீதைப் பத்திரத்தோடு வைத்தேன். பக்கத்து வீட்டுக்கும் நோட்டீஸ் போகும் என்று கவுண்டரில் சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

இந்த வருஷம் நாம் பலகாரம் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று காலை முழுக்க யோசித்தேன். கடையில் வாங்கிய முறுக்கையும் அதிரசத்தையும் சம்படத்தில் அடுக்கினேன், திரும்ப எடுத்தேன், அடுக்கினேன். அதற்குள் மதினியே இன்னொரு சம்படத்தோடு வந்துவிட்டார். இப்போது அவர்கள் சம்படம் இரண்டு.

நோட்டீஸ் போயிருக்குமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ஐந்தரை. தொப். தொப்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூர் போய்விட்டார்கள், வீடு பூட்டு. ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். திருட்டு வேலைதான், எழுதிவைக்கிறேன்.

தகரக் கொட்டகைக்குக் கீழே, பைக் ஸ்டாண்டு போட்ட இடத்துக்குப் பின்னால், தரையோடு தரையாகப் பழைய சுவரின் அடி இருக்கிறது. கருங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கோடு போட்ட மாதிரி ஓடுகிறது. பொதபொதவென்று ஒன்றும் இல்லை. அதன் மேல்தான் பைக்கின் முழு வெயிட்டும் நிற்கிறது. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் கல், இடம் மாறாமல், அம்மா போட்ட இடத்திலேயே. அதைச் சுற்றி சிமெண்டு பூசி, தண்ணீர் ஓட வாட்டம் விட்டு, குழாயும் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்ததை விட நன்றாக வைத்திருக்கிறார்கள். கல்லின் மேல் பாதி கரைந்த நீலச் சோப்பு.

போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது "என்ன தாயி தேடுத?" என்று குரல். வீடு பூட்டியிருந்தாலும் பாட்டி மாடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கொடியில் போட்ட துணி விழுந்துட்டு பாட்டி என்றேன். எங்கள் பக்கம் கொடியே கிடையாது.

"சாயங்காலம் வந்துருவாவ, எடுத்துத் தரச் சொல்லுதேன்" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

மதினி வந்து கேட்டார், என்ன துணி விழுந்தது என்று.

நவம்பர் 14, வியாழன்

மழை. பழைய சுவரின் அடியில் தண்ணீர் போக ஒரு மடை இருந்தது, புதுச் சுவரில் விடவில்லை. முடுக்கு வாய்க்கால் மாதிரி கிடக்கிறது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏன் நிக்குது பாப்பா?" என்றார். அடைச்சிருக்குப்பா என்றேன். பொய் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

செக்கப்புக்குப் போக வேண்டும். முன்வாசல் நாலு படியில் பலகை போட்டு ஆட்டோக்காரரும் நானும் வண்டியை இறக்கினோம். இரண்டாவது படியில் பலகை வழுக்கியது. நான் கத்தியிருக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி ஓடிவந்து முன்சக்கரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டார், அப்படியே தெரு வரைக்கும். அப்பா அவர் தலையில் கை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "முடுக்கு வழியா வந்திருக்கலாமே தங்கச்சி, படி இல்லியே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

"வண்டி போகாது அண்ணாச்சி" என்றேன். "26 அங்குலம்."

அவர் முடுக்கைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஆட்டோ ஹாரன் அடித்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று கல் சத்தம் லேட். ஆறரை.

நவம்பர் 21, வியாழன்

சர்வேயர் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார், போன் வந்தது. பத்திரம், ரசீது, போட்டோ பிரிண்ட் எல்லாம் ஒரு கவரில் போட்டேன். பிப்ரவரி 11 போட்டோவையும் பிரிண்ட் எடுத்திருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. கட்டைவிரல் அதில் வராது.

சாயங்காலம் அண்ணாச்சியும் கொத்தனாரும் முடுக்கு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் கையில் டேப். நான் ஜன்னலைத் திறந்ததும், கதவு சுவரில் இடித்ததும், இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு சம்படத்தையும் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ரவை இருக்கிறது, நெய்தான் இல்லை.