பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல ஏசி, ஒரு வழியா

நம்ம வண்டில இன்ஜின் பின்னாடி, கூலிங் காயில் முன்னாடி, அதனால ஏசி ஹோஸ் கார் நீளத்துக்கும் ஓடுது, போதாக்குறைக்கு கண்டென்சர் (கேஸோட சூட்டை வெளிய தள்ற பாகம்) இன்ஜின் மூடிலயே உக்காந்திருக்கு, ஆற வைக்க வேண்டியதை கொண்டுபோய் அடுப்பு மேல வச்ச மாதிரி. சிக்னல்ல நின்னா அவ்ளோதான், வெறும் அனல் காத்து.

இதுல ஆரம்பத்துல இருந்தது ஆர்12-ங்கற குளிரூட்டுற கேஸ். ஓசோன் படலத்தை காப்பாத்த வந்த 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அது படிப்படியா போயிருச்சு, அதுக்கு பதிலா வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாறியாகணும். ஒரு மெக்கானிக் பழைய ஹோஸ்லயே புது கேஸை ஏத்தி விட்டாரு, கொஞ்ச நாள்லயே காலி. ஆர்134ஏ மூலக்கூறு ஆர்12-ஐ விட சின்னது, பழைய ரப்பர் வழியா நைஸா கசிஞ்சிரும், உள்ள நைலான் லேயர் இருக்கற பேரியர் ஹோஸ்தான் தாங்கும்.

இந்த தடவை ஹோஸ், ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சற ட்ரையர் எல்லாம் புதுசு, பழைய மினரல் ஆயிலை வழிச்சு எடுத்துட்டு புது கேஸுக்கு ஒத்துப்போற எஸ்டர் ஆயில். ஆனா நிஜமா வித்தியாசம் தெரிஞ்சது முன் சக்கரத்துக்கிட்ட தனி ஃபேனோட இன்னொரு கண்டென்சர் வச்சப்பதான். உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி வேக்குவம் போட்டுட்டு, கசிவு இருந்தா நகர்ற கேஜ் முள்ளு நகருதான்னு அரை மணி நேரம் முறைச்சு பாத்தேன், நகரல. கேஸ் ஏத்தி வென்ட்ல தெர்மாமீட்டரை சொருகினா 7 டிகிரி!

இப்ப கதவு ரப்பர் இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள வருது, அடுத்த செலவு அதுக்கு.