சாக மறுக்கும் ஸ்டெம் செல்கள்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களுக்கு, சாவைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பிலேயே கண்ணாக இருந்தேன். பரந்து ஒட்டிக் கிடந்த செல் முதலில் சுருங்கி உருண்டது. பிறகு சவ்வு முழுக்கக் கொப்புளங்கள் எழும்பி எழும்பி அடங்கின. கடைசியில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிந்துபோனது. உடம்புக்குள் என்றால் மேக்ரோபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ இருக்காது. 1972-ல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டது இந்தச் சாவுக்குத்தான்.

மார்ச் 6

புற்றுநோய் என்றாலே செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது பாதிதான். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14, 18 குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் பிசிஎல்-2 மரபணு ஓயாமல் வேலை செய்கிறது. அது செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது. டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் 1988-ல் இதைக் காட்டினார்கள். பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவும் கூட்டுச் சேரும்போதுதான் ஆபத்து முற்றுகிறது.

மார்ச் 9

செல்லைச் சாகவிடாத இந்தத் தடை, புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல்லில் விழுந்தால் ஏன் இவ்வளவு மோசம்? குடலின் உள்படலச் செல் சில நாளில் உதிர்ந்துவிடும். அதில் வந்த பிறழ்வும் அதோடு போய்விடும். குடல் சுவரில் உள்ள நுண்ணிய குழியின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல் அப்படியில்லை. இருந்த இடத்திலேயே இருந்து பிரிந்துகொண்டே இருக்கும், பிறழ்வுகளும் அங்கேயே சேரும்.

எலியின் சிறுகுடலில் இந்தப் பகுதிச் செல்கள் மிகக் குறைந்த கதிர்வீச்சு பட்டாலே செத்துவிடுகின்றன என்று கிறிஸ்டோபர் பாட்டன் குழு கண்டது. சேதப்பட்ட செல்லைச் சாகச் சொல்லும் பி53 மரபணு இல்லாத எலிகளில் அந்தச் சாவு வருவதில்லை. பெருங்குடலிலோ குழியின் அடியில் பிசிஎல்-2 இருக்கிறது, சேதப்பட்ட செல் பிழைத்துக்கொள்கிறது. சிறுகுடல் பல மடங்கு நீளம். புற்று அதிகம் வருவதோ பெருங்குடலில். வேறு காரணங்களும் உண்டுதான், என்றாலும் என் மனதில் ஆழப் பதிந்தது இதுவே.

மார்ச் 15

ஹெர்மன் ஸ்டெல்லர் குழுவின் 2010 ஆய்வை மறுபடி படித்தேன். செல்லைக் கொல்லும் காஸ்பேஸ் நொதிகளை எக்ஸ்ஐஏபி புரதம் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியைத் தளர்த்துவது ஆர்ட்ஸ் புரதம். ஆர்ட்ஸ் இல்லாத எலிகளில் ரத்த ஸ்டெம் செல்கள் கூடின, சாக மறுத்தன, கட்டிகளும் விரைவாக வந்தன. எக்ஸ்ஐஏபியையும் நீக்கியபோது அந்தக் கேடு ஓரளவு தணிந்தது. எனக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் உயிர்நாடி. காரணத்தைக் கையோடு பிடித்துக்கொடுக்கிறது.

மார்ச் 16

அதே எலிகளின் தோல் காயம் சீக்கிரம் ஆறியது, தழும்பும் குறைவு! 2013-ல் அதே குழு வெளியிட்டது. காயம் ஆற்ற இந்தச் சாவைத் தடுக்க நினைப்பவர்கள், கொஞ்ச காலத்துக்கு மட்டும், அந்த இடத்தில் மட்டும் தடுக்க வழி தேட வேண்டும்.

மார்ச் 20

வெனெட்டோகிளாக்ஸ் பற்றிப் படிக்கிறேன். பிசிஎல்-2-வின் பிடியை உடைக்கும் மாத்திரை. அமெரிக்காவில் 2016-ல் முதலில் அனுமதி கிடைத்தது, 17-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டை இழந்த நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு. அந்தத் துண்டில்தான் பி53 இருக்கிறது. சாகச் சொல்லும் அந்தக் குரல் போனாலும், அதற்குக் கீழே மைட்டோகாண்ட்ரியாவில் நேரடியாகக் கைவைக்கிறது இந்த மருந்து. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற இன்னொரு ரத்தப் புற்றில் நோயைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்களில் பலவும் பிசிஎல்-2-வை நம்பியே பிழைக்கின்றன. அங்கே அசாசிட்டிடின் என்ற புற்றுநோய் மருந்தோடு சேர்த்து இதைக் கொடுக்கிறார்கள்.