சர்வாதிகாரி என்று எழுதுமுன்

கோலாலம்பூர்த் தமிழ்ச் செய்தி மேசைக்குச் செய்திகள் இரண்டு மொழிகளில் வந்து விழும். ஆங்கிலத்தில் டிக்டேட்டர், டெஸ்பாட், டைரண்ட், ஆட்டோகிராட், அதாரிட்டேரியன், ஸ்ட்ராங்மேன். மலாயில் டிக்டேட்டோர், குக்கு பெசி. பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் இத்தனையும் ஒரே சொல்லாகிவிடும்: சர்வாதிகாரி. மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டை நாமே ஒருவர் மீது சுமத்திவிடுகிறோம். இந்தத் தொழிலில் அது சின்னப் பிழை அல்ல.

அதிகம் சறுக்குவது குக்கு பெசியில். நேர்ப்பொருள் இரும்பு நகம். மலாய் அரசியல் பேச்சில் அது கண்டனச் சொல். மேசைக்குப் புதியவர்கள் ‘இரும்புக்கரம்’ என்று போட்டுவிடுவார்கள். தமிழிலோ, குண்டர் கும்பலை இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம் என்று பெருமையாகப் பேசுவதுதான் வழக்கம். கண்டனம் பாராட்டாகிப் போகும். அங்கே ‘கொடுங்கோல் ஆட்சி’ பொருந்தும். அதாரிட்டேரியனுக்கு ‘எதேச்சாதிகாரப் போக்கு’ போதும். ஸ்ட்ராங்மேனுக்கு நல்ல தமிழ் இன்னும் அமையவில்லை. ‘அதிகாரத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் தலைவர்’ என்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

கொடுங்கோலனும் சர்வாதிகாரியும் ஒருவரேதானா? குறளின் 56ஆம் அதிகாரமான கொடுங்கோன்மை, அரசன் குடிகளை எப்படி நடத்துகிறான் என்று பார்க்கிறது. பரம்பரையாக முடிசூடியவனும் கொடுங்கோலன் ஆகலாம். சர்வாதிகாரி என்னும்போது கேள்வியே வேறு: அவரைத் தட்டிக்கேட்கவும் பதவியிலிருந்து இறக்கவும் யார் மிச்சம்? பழைய ரோமில் டிக்டேட்டர் சட்டப்படியான பதவி. நெருக்கடிக்காகக் கொடுப்பது, கூடிப்போனால் ஆறு மாதம். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை வாழ்நாள் பதவியாக்கிக்கொண்டார். கெடு உடைந்த இடத்தில்தான் இன்றைய பொருளின் வேர் இருக்கிறது.

ஆகவே தேர்தல் நடந்ததா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதிபர் சுஹார்த்தோ காலத்து இந்தோனேசியாவில் 1971 முதல் 1997 வரை ஆறு பொதுத்தேர்தல்கள் நடந்தன. ஆறிலும் அவருடைய ஆளும் அமைப்பான கோல்கார்தான் வென்றது. 1973க்குப் பிறகு களத்தில் நிற்க அனுமதி மூன்றே அமைப்புகளுக்கு. பிலிப்பைன்ஸின் மார்க்கோஸ் 1965இலும் 1969இலும் வாக்குப் பெற்று வந்தவர். 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டம் வந்தது, நாடாளுமன்றம் மூடப்பட்டது. எனவே 1969 பற்றிய வரியில் ‘அதிபர்’, 1975 பற்றிய வரியில் ‘சர்வாதிகாரி’. இந்திரா காந்தி 1975 ஜூனில் நெருக்கடிநிலை கொண்டுவந்தார். 1977 தேர்தலில் தோற்றதும் விலகினார். அங்கே ஆளுக்குப் பட்டம் சூட்டாமல் ‘நெருக்கடிநிலைக் காலம்’ என்று காலத்தைக் குறிப்பதே நேர்மை. நம் மலேசியாவிலும் 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, மாகெரான் எனப்படும் தேசிய நடவடிக்கை மன்றம் அப்போதைய துணைப் பிரதமர் துன் ரசாக் தலைமையில் ஆண்டது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. வாங்கிய அதிகாரம் திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டும்.

மார்க்கோஸ் பெயரில் இன்னொரு கண்ணி. 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அவருடைய மகன், பெயரும் அதே. ‘மறைந்த சர்வாதிகாரி மார்க்கோஸின் மகனான அதிபர் மார்க்கோஸ் ஜூனியர்’ என்ற வரியை இடம் போதாமல் நறுக்கும்போது ‘மகனான’ போய்விட்டால், அப்பாவின் பட்டம் பிள்ளை தலையில் ஏறிவிடும். எதை வெட்டினாலும் ‘மகன்’, ‘ஜூனியர்’ இரண்டிலும் கை வைக்கக் கூடாது.

தலைப்பிலும் அப்படித்தான். ‘சர்வாதிகாரி போல் நடந்துகொள்கிறார்’ என்று எதிர்க்கட்சிக்காரர் சொன்னதில் ‘போல்’ என்பது இரண்டே எழுத்து. அதை எடுத்தால் நடத்தையைச் சாடியது ஆளைச் சாடியதாகிவிடும். ‘அவர்தானே சொன்னார்’ என்று போட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பலாம் என்று நம்புவதும் தவறு. எடுத்துச் சொல்வதும் வெளியிடுவதே.

பழைய இதழ்களிலிருந்து நினைவுக் கட்டுரை தொகுப்பவர்களுக்கு ஒன்று. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டச் செய்திகளில் சர்வாதிகாரி கைதானார் என்று பார்க்கலாம். தலைவர் சிறை போனால் அடுத்தவர் ஏற்கும் பொறுப்பின் பெயர் அது, மதிப்போடு சொன்னது. திருத்துகிறேன் என்று அந்தச் சொல்லை மாற்றிவிட வேண்டாம். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.