கல்லடி வீட்டுக்கு நானே கமரா பூட்டினேன்

போன ஐப்பசியில் ஒரு இரவு எங்கள் கிணற்றடியிலிருந்த தண்ணீர் மோட்டர் களவு போனது. பைப்பை அறுக்கிற சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. பயத்தில் எழும்பாமல் அப்படியே கிடந்திருக்கிறார். விடிந்த பிறகுதான் எனக்கு போன் எடுத்தார். நான் கொழும்பில், அவர் மட்டக்களப்புக் கல்லடியில் தனிய. அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

தைப்பொங்கல் லீவில் வரும்போது நான்கு கமரா செட் ஒன்றோடு வந்தேன். 2 மெகாபிக்சல் கமராக்கள், படத்தைப் பதிகிற டிவிஆர் பெட்டி, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். வைஃபை கமரா லேசான வேலைதான். ஆனால் எங்கள் கிணற்றடிக்கு ரூட்டரின் சிக்னல் எட்டாது. வயர் இழுத்தால் இன்டர்நெட் இல்லாத நேரமும் பதிவாகும். ஆள் பிடித்துப் பூட்டியிருக்கலாம். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால்தான், நாளைக்கு ஏதும் பழுது வந்தால் போனிலேயே அம்மாவுக்குச் சொல்ல முடியும்.

சுவரில் ஒரு துளை போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஹோலில் நிலத்தில் பரப்பிக் கொழுவிப் பார்த்தேன். ஒரு வயரில் படம் வரவில்லை. ஏணியில் நின்று அதைக் கண்டுபிடித்திருந்தால் அரை நாள் போயிருக்கும்.

இடம் பார்ப்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் கேற் கடல் பக்கம், அதாவது கிழக்கு. கமராவை நேராக அங்கே திருப்பினால் காலை வெயிலில் படம் முழுக்க வெளுத்து, வருகிற ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். அதனால் மதில் ஓரத்திலிருந்து சரித்து, ஒன்பது அடி உயரத்தில் வைத்தேன். அதற்கு மேலே போனால் தலைதான் தெரியும், முகம் தெரியாது. கிணற்றடிக் கமராவில் பக்கத்து வளவு மாமி குளிக்கிற இடமும் விழுந்தது. டிவிஆர் செட்டிங்கில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, மாமியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "இப்ப சரி தம்பி" என்ற பிறகுதான் ஆணியை இறுக்கினேன். இதை யாரும் விடக்கூடாது.

முதல் நாள் பின்னேரம் எல்லாம் வேலை செய்தது. ஆறரை மணிக்கு இருட்டியதும் கிணற்றடிப் படம் போனது, வந்தது, திரும்பவும் போனது. கமராவுக்குள் ஒவ்வொரு தடவையும் 'டிக்' என்று ஒரு சத்தம். "மனே, பல்லி சொல்ற மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

பகலில் ஒழுங்காக ஓடுகிற கமரா இரவில் ஏன் நின்று நின்று வருகிறது? இருட்டினால் அதற்குள் இருக்கிற இன்ஃப்ராரெட் லைட்கள் பற்றும், கரண்ட் கூட இழுக்கும். நான் இரண்டு 18 மீட்டர் வயர்களை இணைத்திருந்தேன், அதுவும் செட்டோடு வந்த மெல்லிய வயர். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். அடாப்டர் பக்கம் 12 வோல்ட், கமரா பக்கம் பகலில் 11.2, இரவில் 9.5. வழியிலேயே வோல்ட் தேய்ந்துவிடுகிறது. குசினி பிளக்கில் தனி 12 வோல்ட் அடாப்டர் கொழுவி, அங்கிருந்து ஆறு மீட்டர் தடித்த வயர் இழுத்தேன். அன்றிரவு 11.8. சத்தமே இல்லை.

மற்றது உப்புக் காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் கேற் பூட்டே இரண்டு வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். கொனெக்டர் எதையும் வெளியே தொங்கவிடாமல் பிவிசி பெட்டிக்குள் வைத்து, வயர் நுழைகிற ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்தேன். நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட வேண்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

நாலு கமராவும் செக்கனுக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு 86 ஜிபி அளவு. 1 டெராபைட் பதினொரு நாளில் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி மாற்றினேன், நாட்கள் கூடின. டிவிஆரின் நேரத்தையும் சரிபார்த்தேன். நேரம் பிழையென்றால் பொலிசுக்குக் கொடுத்தாலும் குழப்பம்தான். பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். எட்டுக்கால்பூச்சி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும், அதை அம்மாவே தும்புத்தடியால் தட்டிவிடுகிறார்.

கொழும்புக்குத் திரும்பி இரண்டாவது கிழமை, விடிய எழும்பியதும் அம்மாவின் போன் வந்தது. இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்ததாம். படுக்கையில் இருந்தபடியே போனில் கிணற்றடியைப் பார்த்தாராம்.

"கண் ரெண்டும் பளபளவென்று மினுங்கிச்சு மனே. ஆற்றையோ மாடு. பார்த்துப்போட்டு மறுகா படுத்திட்டன்."