முதல் மதிப்பெண் வாங்கிய ஏரி

எங்கள் அலுவலகம் கிண்டியில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடி. நான்கு பேர் உட்கார்ந்து வரைபடம் போடுகிறோம். போன பங்குனியில் ஒருவர் வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் தொழிற்சாலை வைத்திருப்பவர். சொந்த உபயோகத்துக்கு 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் போட வேண்டும், சென்னையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இடம் பார்த்துக் கொடுங்கள் என்றார். மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் வாய்க்கணக்கு. ஆக 25 ஏக்கர், ஒரே துண்டாக.

"அப்படியே காத்தாடிக்கும் பார்த்துடுங்களேன்" என்றார். அது அரை நாளில் முடிந்துவிட்டது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடத்தைத் திறந்தாலே தெரியும். தமிழ்நாட்டின் நல்ல காற்று பெரும்பாலும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாயில்தான் வீசுகிறது. பெசன்ட் நகரில் சாயங்காலம் சட்டை படபடக்கிற காற்றை நம்பிக் கோபுரம் நட முடியாது.

சூரியனுக்கு வந்தேன். தரவு தேடி அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் இலவசம். பாறை, மண் அமைப்புக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளம். நிலப் பயன்பாட்டுக்கு இஸ்ரோவின் புவன். மேடுபள்ளத்துக்கு 2000 பிப்ரவரியில் நாசா விண்ணோடம் ரேடாரில் எடுத்த 30 மீட்டர் தரவு. இந்தக் கடைசித் தரவில் ஒரு வேடிக்கை உண்டு: ரேடார் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை, மர உச்சியையும் சேர்த்தே பார்க்கிறது. அன்றைக்கு நின்றிருந்த சவுக்குத் தோப்பு, இன்றைக்கு வெட்டிப் பல வருஷம் ஆன பிறகும் என் வரைபடத்தில் குன்றாகத் தெரியும்.

இதெல்லாம் போக, பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ தாள்களையும், அதாவது மேடுபள்ளம், ஏரி, சாலை எல்லாம் குறித்த அரசு வரைபடங்களையும், ஸ்கேன் செய்து ஏற்றினேன். ஒன்றுமே பொருந்தவில்லை. சாலை வயலுக்குள் ஓடியது, கோயில் பக்கத்துத் தெருவில் நின்றது. அந்தத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய அளவை அடிப்படையில் வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் அடிப்படையோடு ஒப்பிட்டால் நம் பக்கத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். மாற்றிப் போட ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சோம்பல். பழைய தாள்தானே என்று ஓரமாக வைத்துவிட்டேன். இதை நினைவில் வையுங்கள்.

மதிப்பெண் போடும் கட்டம். சரிவு, துணை மின்நிலையத்துக்குத் தூரம், சாலை, நிலப் பயன்பாடு, பாறை, சூரியக் கதிர்வீச்சு என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என எடை கொடுத்துக் கூட்டுவது. முதல் தடவை செய்கிறவர்கள் கதிர்வீச்சுக்குத்தான் அதிக எடை கொடுப்பார்கள், நானும் கொடுத்தேன். அப்புறம் பார்த்தால் ஒரு தாலுகாவுக்குள் அந்த எண் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மதுராந்தகத்தில் அடிக்கிற வெயில்தான் அச்சிறுபாக்கத்திலும் அடிக்கிறது. எல்லோரும் ஒரே மார்க் வாங்கும் பாடத்தை வைத்து யாரை வடிகட்டுவது? அதன் எடையைக் குறைத்து துணை மின்நிலையத் தூரத்துக்கு ஏற்றினேன். வரைபடத்திலிருந்து காடுகளை நீக்கினேன். வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு அதையும் எடுத்தேன். 1998 அறிவிப்புப்படி அவ்வளவும் சரணாலயம்.

மிச்சம் 41 துண்டுகள். முதல் மதிப்பெண் வாங்கியது 32 ஏக்கர். சரிவே இல்லை, வீடு இல்லை, பயிர் இல்லை. நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் 'புதர்த் தரிசு'. துணை மின்நிலையம் 3 கிலோமீட்டர். எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சித்திரை வெயிலில் தாம்பரத்தில் ரயில் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். சீமைக் கருவேலம் மண்டிய பரந்த இடம். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நீளமான மண்மேடு, அதன் மேல் பனைமரங்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி அளக்கறீங்க?"

"சோலார் போட இடம் பார்க்கிறோம் ஐயா. இந்தத் தரிசு யாருடையது?"

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இது எங்க ஏரி தம்பி. நீங்க நிக்கறது மதகுக்கு எதிர்ல."

திரும்பிப் பார்த்தேன். நான் மண்மேடு என்று நினைத்தது ஏரிக்கரை. அதன் கோடியில் உபரித் தண்ணீர் வழிந்தோட கருங்கல் அடுக்கிய கலங்கல்கூட இருந்தது. மூன்று நான்கு வருஷமாகச் சரியாக நிரம்பவில்லையாம், கருவேலம் ஏறிவிட்டது, செயற்கைக்கோளுக்கு அது புதராகத் தெரிந்திருக்கிறது. ஏரிப்படுகை சமமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? அலுவலகம் வந்து, ஓரமாக வைத்த டோப்போ தாளை எடுத்து 200 மீட்டர் தள்ளி உட்கார வைத்தேன். கரையும் மதகுமாக ஏரி கச்சிதமாக என் 32 ஏக்கர் மேல் வந்து விழுந்தது.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன் நான். அன்றிலிருந்து களத்துக்குக் கிளம்பும் முன் கிராம வரைபடத்தை வைத்துப் புல எண்களைக் குறித்து, இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டை, அதாவது கிராமத்து நிலங்களின் பதிவேட்டை, பார்த்துவிடுகிறேன். ஏரி, ஓடை, மேய்க்கால் என்று அதில் வகைப்பாடு இருக்கும். அப்படிப் பார்த்ததில் 41-இல் 17 நாற்காலியை விட்டு எழுவதற்குள்ளேயே கழன்றன.

இரண்டாவது பாடம் கிணற்றில். இன்னொரு துண்டு, பட்டா நிலம், பூகோஷில் பார்த்தால் சார்னோகைட். இந்தப் பாறை மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, தினமும் ரயிலில் பல்லாவரம், பரங்கிமலை தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பல்லாவரம் பக்கத்துப் பாறை. 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்தே பாறைக்குப் பெயர் சூட்டிவிட்டார். சரி, விஷயத்துக்கு வருவோம். பூகோஷ் என்ன பாறை என்று சொல்லும், எத்தனை அடியில் என்று சொல்லாது. 1:50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர்.

நிலத்தின் மேற்குக் கோடியில் தூர்ந்த கிணறு ஒன்று. எட்டிப் பார்த்தேன். ஒரு அடி செம்மண், அதன் கீழே இரண்டடி கிராவல், அதற்குக் கீழே நீலம் கலந்த கருப்பில் பாறை, வெடி வைத்த துளைகளின் பாதித் தடம் இன்னும் சுவரில் நின்றது. பேனல் தாங்கும் இரும்புக் கால்களை அடித்து இறக்குவதுதான் எங்கள் திட்டம். மூன்றடியில் பாறை என்றால் ஒவ்வொரு காலுக்கும் துளை போட வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். போதாததற்கு எர்த்திங்கும் தகராறு. நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து மண்ணின் மின்தடையை அளந்தபோது, அந்த மேட்டில் மீட்டர் காட்டிய பெரிய எண்ணைப் பார்த்து எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். கிழக்குப் பக்கக் கிணற்றிலோ பன்னிரண்டு அடி வரை வெறும் மண். மேற்கே 6 ஏக்கரை விட்டுவிட்டு, கிழக்கே ஒட்டியிருந்த நிலத்தைக் கேட்டோம்.

அதற்கப்புறம் காகிதம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே அலுப்பு. 19 உட்பிரிவுகள், அதில் ஒரு கூட்டுப் பட்டா. புலப்படத்தில் இருக்கும் அளவும், நாங்கள் டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் வைத்து அளந்ததும் இரண்டு இடத்தில் ஒத்துவரவில்லை. சர்வேயர், "யுடிஆர் காலத்துத் தப்பு சார், இது ஊருக்கு ஊர் இருக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். யுடிஆர் என்பது நில ஆவணங்களைப் புதுப்பித்த பழைய அரசுத் திட்டம். மனு, அளவை, கல் நடுவது என்று ஆடி போய் ஐப்பசி வந்தது. கையில் நின்றது 23 ஏக்கர், கிழிந்த வேட்டி மாதிரி ஒரு வடிவம்.

கடைசி வரைபடத்தை அச்சடித்துத் தொழிற்சாலைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, எங்கள் கோணல்மாணல் நிலத்துக்கு வடக்கே செயற்கைக்கோள் படத்தில் சமமாக, காலியாகத் தெரிந்த ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது எவ்வளவு அழகா கிடக்கு, இதை ஏன் விட்டீங்க?"

"அது ஏரி சார். இப்போ போனீங்கன்னா முட்டியளவு தண்ணி நிக்கும்."